அரிசி மூட்டையோடு அலாஸ்கா போன பையன்: வீரனா, கிறுக்கனா?

ஜூன் 2, இரவு 9.40 (ஒரு வாசகர் கேட்டது)

கிறிஸ் மெக்கேண்ட்லஸை எதற்கு எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. வசதியான வீட்டுப் பையன், பட்டம் வாங்கியவன். கையிலிருந்த பணத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு, கொஞ்சம் அரிசியோடு அலாஸ்கா காட்டுக்குள் போய், நாலு மாதத்தில் பட்டினி கிடந்து செத்தான். இதில் சுதந்திரம் எங்கே, தத்துவம் எங்கே? ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதானே?

ஜூன் 2, இரவு 11.15

இந்தப் பையனோடு எனக்கு இருபது வருடச் சண்டை இருக்கிறது, அதனால் நானே முதலில் வந்துவிடுகிறேன்.

ஆழம் தெரியாமல் காலை விட்டான் என்கிறீர்கள். அவன் காலை விடவே இல்லை, அதுதான் விஷயமே. 1992 ஜூலை 5, காட்டை விட்டு வெளியே வருகிற வழியில் டெக்லனிகா ஆற்றங்கரைக்கு வந்து நின்றான், தண்ணீரைப் பார்த்தான், பயந்தான், வந்த வழியே காட்டுக்குள் திரும்பிவிட்டான். விட்டிருந்தால் அன்றைக்கே அடித்துக்கொண்டு போயிருக்கும்.

எல்லாரும் அவன் ஏன் போனான் என்றே பேசுகிறோம். அவன் திரும்பி வரக் கிளம்பினான் என்பதை யாரும் பேசுவதில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஜீன்ஸில் கிழிசலைத் தைத்தான், தாடியை மழித்தான், தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டான். ஜூலை 3ஆம் தேதி மூட்டை கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். மனிதர்களைப் பார்க்கப் போகிறவன்தான் முகம் மழிப்பான். சாகப் போனவன் என்று இனிமேல் யாராவது எழுதினால் இந்த ஷேவிங்கை ஞாபகப்படுத்துங்கள்.

ஐந்து பவுண்டு அரிசியோடு போனவனுக்கு இந்த முடிவுதான் என்பதில் எனக்கும் பெரிய மறுப்பு இல்லை. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 3, காலை 7.05

திருத்தம். தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதிவிட்டேன். அலாஸ்காவுக்கு அவன் கொண்டுபோனது பத்து பவுண்டு. ஐந்து பவுண்டு என்பது அதற்கு முந்திய கதை, மெக்ஸிகோ கதை.

பத்து பவுண்டு என்றால் நாலரைக் கிலோ. நூறு கிராம் அரிசிக்கு 350 கலோரி வைத்தாலும் மொத்தம் பதினாறாயிரத்தைத் தாண்டாது. விறகு பொறுக்கி, வேட்டைக்கு அலைகிற வாலிபனுக்கு ஒரு நாளைக்கு 2,500க்கு மேல் வேண்டும். ஆக மூட்டை ஆறு நாளைக்குச் சரியாக இருக்கும். அவன் உள்ளே இருந்தது சுமார் 113 நாள்.

ஜூன் 3, காலை 10.30

பஸ்ஸில் வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தப்பே ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

1990 கடைசியில் அவன் அரிஸோனாவில் ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கி, கொலராடோ ஆற்றோடு துடுப்புப் போட்டு மெக்ஸிகோவுக்குள் போய்விட்டான். அங்கே கலிஃபோர்னியா வளைகுடாக் கரையில் ஒரு மாதத்துக்கு மேல் அந்த ஐந்து பவுண்டு அரிசியையும் கடலில் கிடைத்ததையும் தின்றுகொண்டே ஓட்டியிருக்கிறான். ஓட்டிக் காட்டியும் விட்டான். அதுதான் பிரச்சினை. அங்கே இளஞ்சூடான கடல், கையை விட்டால் ஏதாவது கிடைக்கும். இங்கே ஏப்ரல் கடைசியிலும் தரை முழுக்கப் பனி, முளைத்ததாக ஒரு இலைகூட இல்லை. ஒரு தடவை பாஸான பரீட்சையின் விடைத்தாளை வேறு பாடத்துக்குக் கொண்டுபோய்விட்டான். தோற்றிருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பானோ என்னவோ.

ஜூன் 3, மதியம் 1.20

ஆமாம், பணத்தை எரித்தது உண்மைதான், கேட்டவருக்குச் சொல்கிறேன். ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறீர்கள். எமரி பல்கலைக்கழகத்தில் 1990 மே மாதம் பட்டம் வாங்கியதும் சேமிப்பில் இருந்த 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பினான், அதை எரிக்கவில்லை. எரித்தது அந்த ஜூலையில், கையில் மிச்சமிருந்த 123 டாலர். அதைப் பெரிய துறவு என்று நான் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயதில் எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒன்றைக் கொளுத்தத் தோன்றும், நம்மிடம் தீப்பெட்டி இருக்காது.

ஜூன் 3, இரவு 10.50

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "ஆறு வற்றும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அது என்னைத் தூங்க விடவில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்து நாலு வயதில் வேலையை விட்டுவிட்டு இமயமலைப் பக்கம் தனியாக நடக்கப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு ஓடையைத் தாண்டினேன், கணுக்கால் நனைந்தது, அவ்வளவுதான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை, கல் கல்லாகத் தாண்டிவிட்டேன். மேலே போய் ஊர் சுற்றிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு அதே இடத்துக்கு வந்தால் அந்தக் கற்களே இல்லை. நிறம் மாறிப்போயிருந்தது, சாம்பலைக் கரைத்த மாதிரி. காலை வைத்தேன், தொடைவரை ஏறியது, அடியில் கற்கள் உருண்டு வந்து கணுக்காலில் மோதுவது தெரிந்தது. சத்தம் வேறு, பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. பின்னுக்கு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பாதி பிஸ்கட் பாக்கெட்டோடு ராத்திரி முழுக்க அங்கேயே. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் கற்கள் எல்லாம் திரும்ப வந்திருந்தன.

அந்தப் பக்கம் ஆடு ஓட்டி வந்த பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. பனிமலைத் தண்ணீர் வெயிலோடு ஏறும், வெயிலோடு இறங்கும். அந்த ஊர்க் குழந்தைக்குத் தெரிந்த சங்கதி.

டெக்லனிகாவும் பனியாற்றுத் தண்ணீர்தான், அலாஸ்கா மலைத்தொடரிலிருந்து வருகிறது. அவன் ஏப்ரலில் வரும்போது எல்லாம் உறைந்து கிடந்தது, நீர் குறைவு, கடந்துவிட்டான். ஜூலை என்பது உருகல் உச்சத்தில் இருக்கும் காலம். என் ஓடைக்கு ஒரு பகலில் நடந்தது அவன் ஆற்றுக்கு ஒரு பருவமாக நடந்திருக்கிறது. எனக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது, அவன் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தின்ன எதுவும் இல்லாமல்.

ஜூன் 4, காலை 6.40

மேலே எழுதியதைப் படித்தால் நான் என்னமோ புத்திசாலித்தனமாகக் காத்திருந்த மாதிரி இருக்கிறது. இல்லை. பயத்தில் கால் நடுங்கியது, அதனால் உட்கார்ந்தேன். காலையில் நீர் இறங்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 4, மதியம் 12.55

"மேப் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்" என்கிறவர்களுக்கு. உண்மைதான், வயிறு எரிகிற உண்மை. அவன் நின்ற இடத்திலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி கட்டி ஒரு தொங்கு கூடை இருந்தது. நீரளவு பார்க்கிறவர்கள் போட்டது. கையால் இழுத்துக்கொண்டே அந்தப் பக்கம் போகலாம்.

அவனைக் காட்டு முகப்பில் இறக்கிவிட்ட எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி, ஏப்ரல் 28. அந்த மனிதர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார், ஆங்கரேஜுக்குக் கூட்டிப்போய்ச் சாமான் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். பையன் கேட்கவில்லை. கடைசியில் தன் ரப்பர் பூட்ஸையும் மதியச் சாப்பாட்டையும் கையில் திணித்து அனுப்பினார். பையனோ கைக்கடிகாரம், சீப்பு, சில்லறை 85 சென்ட், இருந்த ஒரே ரோடு மேப், எல்லாவற்றையும் அவர் வண்டியிலேயே விட்டுவிட்டான். மணி என்ன என்று தெரிய வேண்டாமாம். கடிகாரத்தை விட்டதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீப்பும் போகட்டும்.

ஜூன் 4, மதியம் 1.10

அப்புறம் காட்டுக்குள் அவன் தங்கியிருந்த அந்த பஸ்ஸையும் அவன் கொண்டுபோகவில்லை! ஒருவர் "பஸ் ஓட்டிப் போனவன்" என்று எழுதியிருக்கிறார், சிரித்துவிட்டேன். அது ஃபேர்பேங்க்ஸ் நகரப் பேருந்து, எண் 142. 1961 வாக்கில் அவன் நடந்துபோன அந்த ஸ்டாம்பீட் தடத்தில் ரோடு போட வந்த கம்பெனி தொழிலாளர்கள் தங்குவதற்காக இழுத்துக்கொண்டு வந்து, வேலை நின்றதும் விட்டுவிட்டுப் போனது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தன. வனாந்தரம் தேடிப் போனவன் குடியிருந்தது டவுன் பஸ்ஸில்.

ஜூன் 5, இரவு 9.30

அவன் தின்ற விதைதான் அவனைக் கொன்றதா என்று இன்று முழுக்க விதைச் சண்டையாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த வரிசையில் போட்டுவிடுகிறேன், இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள், நான் வேதியியலில் தேறியதே பெரிய பாடு.

ஜூலை 30ஆம் தேதி நாட்குறிப்பில், ரொம்பப் பலவீனமாக இருக்கிறது, காட்டு உருளைக்கிழங்கு விதைதான் காரணம், எழுந்து நிற்பதே கஷ்டம் என்ற பொருளில் எழுதியிருக்கிறான். அந்தச் செடியின் கிழங்கை அந்தப் பக்கத்துப் பழங்குடிகள் தின்பதுண்டு. அவன் கையில் இருந்த தாவரப் புத்தகமும் கிழங்கைப் பற்றித்தான் சொல்கிறது, விதையைப் பற்றி மூச்சு விடவில்லை. முதலில், பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறு செடியைத் தின்றுவிட்டான் என்றார்கள். சோதித்தால் அந்தச் செடியிலேயே சொல்லிக்கொள்கிற மாதிரி விஷம் இல்லை. பிறகு விதையில் பூத்த பூஞ்சை என்றார்கள். 2013இல், கேசரிப் பருப்பில் இருக்கும் அதே ஓடிஏபி நச்சு என்று ஒரு வாதம் வந்தது, காலை முடக்கிப்போடுமே அது. மறுபடி நுணுக்கமாகப் பார்த்ததில் அது ஓடிஏபி இல்லை, எல்-கனவனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் என்று 2015இல் கட்டுரை போட்டார்கள். அதையும் ஒத்துக்கொள்ளாத வேதியியல்காரர்கள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் விதை அவனைத் தள்ளிவிட்டிருக்கலாம், ஆனால் அதற்குள்ளேயே விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தான். அணில், முள்ளம்பன்றி, சின்னப் பறவை, எல்லாம் கொழுப்பு குறைந்த கறி. வெறும் புரதத்தைத் தின்றுகொண்டே இருந்தால் வயிறு நிறையும், உடம்பு கரையும். வடக்கே இதற்கு முயல் பட்டினி என்றே பெயர். செப்டம்பர் 6ஆம் தேதி வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்தபோது உடல் எடை 67 பவுண்டு, முப்பது கிலோ. ஆகஸ்ட் 18 வாக்கில் இறந்திருப்பான் என்று கணக்கு. வயது இருபத்து நாலு.

இருபத்து நாலு. டைப் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, காலை 8.00

மூஸ் (வடக்கத்திப் பெரிய மான்) விஷயத்தில் பையனுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது, எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டியது. ஜூன் 9ஆம் தேதி ஒரு மூஸைச் சுட்டேன் என்று எழுதியிருந்தான். உடலைக் கண்டெடுத்தவர்கள் எலும்பைப் பார்த்துவிட்டு, அது மூஸ் இல்லை, கரிபூ என்கிற வேறு மான், இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவன் என்றார்கள், அலாஸ்காவே சிரித்தது. அப்புறம் அவன் கேமரா ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் சாட்சாத் மூஸ்.

அதைச் சுட்டதும், சின்ன .22 துப்பாக்கியால் சுட்டதும் சாமர்த்தியம்தான். கெட்டுப்போனது அதற்கு அப்புறம். தெற்கு டகோட்டாவில் வேட்டைக்காரர்களிடம் கேட்டிருந்த மாதிரி புகை போட்டுப் பார்த்தான். அலாஸ்காக்காரர்கள் மெல்லிசாகக் கீறிக் காற்றில் உலர்த்துவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சில நாளில் எல்லாம் போனது. சுட்டிருக்கவே கூடாது என்று நொந்து எழுதியிருக்கிறான். அதைப் படித்த பிறகு எனக்கு அவன் மேல் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஜூன் 6, இரவு 11.40

கிளைக்கதை. யாரோ "தயாராகப் போனால் ஒன்றும் ஆகாது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கார்ல் மெக்கன் என்று ஒரு புகைப்படக்காரர், 1981இல் சின்ன விமானத்தில் அலாஸ்காவின் வடகிழக்குக் காட்டுக்குப் போய் இறங்கினார். சாப்பாடு மூட்டை மூட்டையாக, ஃபிலிம் ஐந்நூறு ரோல். எல்லாம் சரி. திரும்பக் கூட்டிப்போக யார் வருவது என்பதை மட்டும் உறுதி செய்யவில்லை. இனிமேல் எதற்கு என்று தோட்டாவில் நிறையத் தூக்கியும் எறிந்துவிட்டார். ஆகஸ்ட் போனது, சாப்பாடு தீர்ந்தது. ஒருநாள் தலைக்கு மேலே ஒரு விமானம் வந்தது, சந்தோஷத்தில் ஒரு கையை மடக்கி உயர்த்தி ஆட்டினார். விமானம் போய்விட்டது. பிறகு தன் வேட்டை லைசென்ஸின் பின்பக்கத்தைப் புரட்டினால் அங்கே சைகைகள் போட்டிருக்கின்றன: ஒரு கை தூக்கினால் எல்லாம் நலம், காத்திருக்க வேண்டாம். உதவி வேண்டுமென்றால் இரண்டு கை. அவர் பிழைக்கவில்லை.

இந்தப் பக்கம் ரிச்சர்ட் ப்ரோனகி. 1968இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் கைக்கருவிகளை வைத்தே மரவீடு கட்டி, முப்பது வருடம் போலத் தனியாக வாழ்ந்தார். எல்லாரும் அந்தத் தாழ்ப்பாளைப் பார், அந்த மரக்கரண்டியைப் பார் என்று வியப்பார்கள், வியக்க வேண்டியதுதான், நானும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஆனால் மாதம் ஒன்றோ இரண்டோ போனால் அவருக்கு ஒரு விமானி வருவார், தானியமும் தபாலும் போட்டுவிட்டுப் போவார். தனிமை என்று நாம் கொண்டாடுவதற்குள் ஒரு தபால்காரர் இருக்கிறார்.

ஜூன் 7, காலை 9.15

மீதிப் பாதிக் கோபம் எதற்கு என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வீட்டுக்கு ஒரு கடுதாசி போடவில்லையே என்றுதான். இரண்டு வருடம். வழியில் பழகியவர்களுக்கெல்லாம் போஸ்ட்கார்டு போட்டான், பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை.

ஜூன் 7, மாலை 5.30

சரி, அதை அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக் கூடாது. அந்த வீட்டுக்குள் நடந்த வன்முறையைப் பற்றி அவன் தங்கை 2014இல் விரிவாக எழுதினார், அவன் ஏன் தொடர்பை அறுத்துக்கொண்டான் என்பதற்கு அதுவே காரணம் என்பது அவர் தரப்பு. முதலில் கேட்டவர் "வசதியான வீடு" என்றார், நானும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். வெளியே காரும் கல்லூரியும் தெரிகிறது, உள்ளே என்ன என்று நமக்கு எப்படித் தெரியும். என் கோபம் அவன் கணக்கில் எழுதப்பட வேண்டியதே இல்லை போல. அது என் கணக்கு.

ஜூன் 8, இரவு 10.20

அந்த பஸ் இப்போது காட்டில் இல்லை, போகத் திட்டம் போடுகிற தம்பிக்குச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்கப் போனவர்களில் ஒரு பெண் 2010இலும் இன்னொரு பெண் 2019இலும் அதே டெக்லனிகாவில் மூழ்கி இறந்தார்கள். மற்றவர்களைத் தேடி மீட்டுக்கொண்டு வந்ததற்குக் கணக்கு தனி. 2020 ஜூன் 18 அன்று ராணுவ சினூக் ஹெலிகாப்டர் வந்து, கூரையிலும் தரையிலும் ஓட்டை போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது ஃபேர்பேங்க்ஸில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆகாயத்தில் டவுன் பஸ் தொங்கும்.

அதற்கு முன்னால், அவன் இறந்த மறு வருடம், அப்பாவும் அம்மாவும் ஹெலிகாப்டரில் அங்கே போனார்கள். ஒரு பெட்டியில் முதலுதவிச் சாமான், டின் சாப்பாடு, இன்னும் அது இது என்று வைத்துவிட்டு, வருகிறவர்கள் சீக்கிரம் தங்கள் பெற்றோருக்கு ஒரு போன் போடும்படி அம்மா கைப்பட எழுதி வைத்துவிட்டு வந்தார்.

ஜூன் 8, இரவு 11.55

போட்டேன். இந்த நேரத்தில் என்னடா என்று முதலில் பயந்துவிட்டார்கள்.

அந்த இமயமலைப் பத்தொன்பது நாளைப் பற்றி நான் இதுவரை அம்மாவிடம் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. திரும்பி வந்த அன்று ஒன்றுமே சொல்லாமல் தட்டு வைத்தார்கள், நானும் ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டேன், அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, வாசல் லைட்டை மட்டும் அணைக்கவே இல்ல, அந்த மாசம் கரண்ட் பில்லைப் பார்த்துட்டு ஹவுஸ் ஓனர் வந்து ஒரு சத்தம் போட்டார்" என்றார்கள். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் எவ்வளவு வந்தது என்றேன். அம்மாவுக்குத் தொகை ஞாபகம் இருந்தது.

நாளைக்கு எனக்கு வேலை இருக்கிறது, விதைக்காரர்கள் தொடருங்கள்.